இரண்டாம் இருக்கை

நுழையும்முன்

வெற்றிக் கோப்பையை உயர்த்திப் பிடிக்கும் கைகளை உலகம் காண்கிறது. அக்கைகளைப் பழக்கியவர்கள் ஆடுகளத்தின் ஓரத்தில் அமர்ந்திருப்பார்கள். அவர்களுள்ளும் தலைமைப் பயிற்றுநரின் பெயரே நாளிதழில் இடம்பெறும். அவருக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் யார்? அவர் ஆற்றும் பணி என்ன? அந்த இருக்கையிலேயே ஒரு வாழ்நாளைக் கழிப்பது நிறைவா, குறையா? கல்லூரி மகளிர் கூடைப்பந்தின் துணைப் பயிற்றுநர்களைப் பற்றி, அப்பணியிலுள்ள ஒருவர் தம் அனுபவத்தோடு இணைத்துச் சிந்திக்கும் கட்டுரை இது.

கூடைப்பந்து ஆட்டத்தின் புள்ளிப் பதிவேட்டில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு வீராங்கனைகளின் பெயர்கள் இடம்பெறும். அவற்றுக்குக் கீழே தலைமைப் பயிற்றுநருக்கு ஒரு வரி. அதற்கும் கீழே துணைப் பயிற்றுநருக்கு ஒரு வரி. பதினெட்டு ஆண்டுகளாக அந்தக் கடைசி வரியில் என் பெயர் எழுதப்பட்டு வருகிறது.

பன்னாட்டு விதிகளின்படி, ஆட்டம் நடக்கும்போது தலைமைப் பயிற்றுநரும் துணைப் பயிற்றுநரும் ஒரே நேரத்தில் நின்றுகொண்டிருக்கக் கூடாது. ஒருவர் நின்றால் மற்றவர் அமர வேண்டும். எனவே, துணைப் பயிற்றுநரின் ஆட்ட நேரம் பெரும்பாலும் அமர்ந்தபடியே கழிகிறது. அமர்ந்திருப்பவருக்கு வேலை ஏதும் இல்லை என்று காண்போர் கருதுவது இயல்பே. மண்டல அளவிலான போட்டி ஒன்றில் பரிசளிக்க வந்திருந்த விருந்தினர் என்னிடம், "அம்மா, நீங்கள்தான் தண்ணீருக்குப் பொறுப்பா?" என்று பரிவோடு கேட்டார். அன்று தண்ணீரும் என் பொறுப்பில்தான் இருந்தது. ஆகவே, "ஆமாம் ஐயா" என்றேன்.

உறவினர்கள் கேட்கும் கேள்வி வேறு. திருமண வீடுகளில் பெரியம்மா தவறாமல் கேட்பார்: "இன்னும் எத்தனை வருஷம்டி அந்த அம்மாவுக்குக் கீழேயே இருப்பே?" அவர் கேட்பதில் ஏளனம் இல்லை, அக்கறையே உண்டு. இரண்டாவதாக இருப்பது முதலாவதாக ஆவதற்கு முன் கடக்க வேண்டிய படி என்பதே நம் அனைவரின் எண்ணமும். அக்கேள்விக்கு விடை தேடியபோதுதான், கடல் கடந்த நாட்டில் இதே இருக்கையில் அமர்ந்த சில பெண்களின் பணிவாழ்க்கையைக் கருத்தூன்றிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்கக் கல்லூரிகளின் மகளிர் கூடைப்பந்தில் துணைப் பயிற்றுநர் என்பது ஒரு முழுநேரப் பணி. அதற்கெனத் தம் வாழ்நாளையே தந்தவர்களும் அங்கு உள்ளனர்.

மகளிர் ஆடிய முதல் ஆட்டங்கள்

கூடைப்பந்து 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. குளிர்காலத்தில் கூரையின் கீழ் ஆடுவதற்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்பதற்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியர் அதை உருவாக்கினார். அவ்வூருக்கு அருகிலுள்ள நார்த்தாம்ப்டனில், ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்கல்வி கற்பித்த செண்டா பெரென்சன் அடுத்த ஆண்டிலேயே இவ்விளையாட்டைத் தம் மாணவியருக்கு அறிமுகப்படுத்தினார். 1893இல் அக்கல்லூரியின் முதலாமாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதினர். 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மகளிர் அணிகள் சந்தித்தன. இரண்டுக்கு ஒன்று என்ற புள்ளிக்கணக்கில் ஸ்டான்ஃபோர்டு வென்றது. அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை.

ஆட்டம் தொடங்கிவிட்டதே தவிர, அதற்கான பொருளும் மதிப்பும் வந்துசேர முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. 1972இல் அமெரிக்கக் கல்விச் சட்டத்தில் 'ஒன்பதாம் தலைப்பு' என்று அறியப்படும் பிரிவு நடைமுறைக்கு வந்தது. நடுவண் அரசின் நிதியைப் பெறும் கல்வி நிறுவனங்கள் பாலின அடிப்படையில் எவரையும் விலக்கக் கூடாது என்பதே அதன் சாரம். விளையாட்டைப் பற்றி எழுந்த சட்டம் அன்று அது. ஆயினும், விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதி என்பதால், மகளிர் அணிகளுக்கு உதவித்தொகையும் ஆடுகளமும் பயண வசதியும் ஊதியம் பெறும் பயிற்றுநர்களும் வந்தமைய அது வழி திறந்தது. துணைப் பயிற்றுநர் என்னும் பணி ஒரு வாழ்க்கைத் தொழிலாக உருப்பெற்றதும் இதன் பிறகே.

தெரிந்து தெளிவோம்

செண்டா பெரென்சன் மகளிருக்கெனக் கூடைப்பந்தின் விதிகளை மாற்றியமைத்தார். ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவர் மற்றொரு பகுதிக்குச் செல்லக் கூடாது என்றார். எதிரணியினரின் கையிலிருந்து பந்தைப் பறிப்பதும் தடை செய்யப்பட்டது. பெண்கள் மிகுதியாக ஓடினால் உடல்நலம் கெடும் என்று நம்பப்பட்ட காலம் அது. அவர்கள் ஆடுவதற்கு ஒப்புதல் பெறவே இத்தகைய கட்டுப்பாடுகள் தேவைப்பட்டன.

அடுத்த இருக்கையின் பணி

துணைப் பயிற்றுநரின் வேலை ஆட்ட நாளில் தொடங்குவதில்லை. பள்ளிகளில் ஆடும் மாணவியரைத் தேடிச் சென்று பார்ப்பதே அதன் முதற்படி. எந்தக் காலத்தில் மாணவியரை நேரில் சந்திக்கலாம், எந்தக் காலத்தில் சந்திக்கக் கூடாது என்பதற்கெல்லாம் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விரிவான விதிகளை வகுத்துள்ளது. அவ்விதிகளுக்கு உட்பட்டுப் பல மாநிலங்களுக்குப் பயணம் செய்து, உடற்பயிற்சிக் கூடங்களின் மரப்பலகைகளில் அமர்ந்து, ஒரே நாளில் பல ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். பின்னர் மாணவியின் பெற்றோரைச் சந்தித்து, 'உங்கள் மகளை நான்கு ஆண்டுகள் எங்களிடம் விடுங்கள்' என்று கேட்க வேண்டும்.

எதிரணியின் ஆட்டப் பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் எந்தக் கையால் பந்தைத் தட்டிச் செல்கிறார், களைத்தபின் யாருடைய எறி குறுகிவிடுகிறது என்று கண்டறிவது இரண்டாவது பணி. வளையத்துக்கு அடியில் நிற்கும் உயரமானவர்களுக்கோ பந்தைக் கொண்டு செல்லும் ஆட்டக்காரர்களுக்கோ தனிப்பயிற்சி அளிப்பது மூன்றாவது. வகுப்புக்குச் சென்றார்களா, தேர்வில் தேறினார்களா, வீட்டு நினைவால் வாடுகிறார்களா என்று கவனிப்பது நான்காவது. தலைமைப் பயிற்றுநர் கடிந்துகொண்ட மாணவியைத் தனியே அழைத்துச் சென்று, அவர் கூறியதன் பொருளை விளக்குவது ஐந்தாவது. இந்த ஐந்தாவது பணி எந்த நியமன ஆணையிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

இவற்றையெல்லாம் படித்தபோது என் வேலையை நானே தொலைவிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. அளவு வேறு, சாரம் ஒன்று. அங்கே விமானப் பயணம். இங்கே விடியற்காலைப் பேருந்து. மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டிகளில் வேப்பமர நிழலில் நின்று நானும் மாணவியரைத் தேர்ந்திருக்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் உண்டு, விடுதிக் கட்டணத்தில் சலுகை உண்டு என்று பெற்றோரிடம் விளக்கியிருக்கிறேன். "எல்லாம் சரிங்க டீச்சர், அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ஊர் ஊரா ஆடணுமா?" என்று ஒரு தந்தை கேட்டார். அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து பேசினேன். அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்தாள், மூன்றாண்டுகள் ஆடினாள், இன்று காவல்துறையில் பணியாற்றுகிறாள். புள்ளிப் பதிவேட்டில் அந்தத் திண்ணைக்கு இடம் இல்லை.

ஸ்டோர்ஸ் நகரின் நாற்பது ஆண்டுகள்

நான் படித்த வாழ்க்கைகளுள் முதன்மையானது கிறிஸ் டெய்லியுடையது. நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த இவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். 1982இல் அவ்வணி, மகளிர் கல்லூரி விளையாட்டுக்கெனப் பெண்களே நடத்திவந்த சங்கத்தின் தேசியக் கோப்பையை வென்றது. அச்சங்கம் நடத்திய கடைசி இறுதிப்போட்டி அது. அதே ஆண்டில்தான் ஆடவர் போட்டிகளை நடத்திவந்த பெரிய சங்கம் மகளிருக்கும் தேசியப் போட்டியைத் தொடங்கியது. ஒரு காலம் முடிந்து மற்றொரு காலம் தொடங்கிய அந்த வாசலில்தான் டெய்லி தம் ஆட்ட வாழ்வை முடித்துப் பயிற்றுநர் வாழ்வுக்குள் நுழைந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்திலும் ரட்கர்ஸிலும் துணைப் பயிற்றுநராகப் பணியாற்றிய பின், 1985இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். புதிதாகப் பொறுப்பேற்ற தலைமைப் பயிற்றுநர் ஜீனோ ஆரியம்மாவுடன் அவர் பணியைத் தொடங்கினார்.

ஸ்டோர்ஸ் என்னும் சிற்றூரில் அமைந்துள்ளது அப்பல்கலைக்கழகம். அதன் மகளிர் அணி அதுவரை ஒரே ஒரு பருவத்தில் மட்டுமே தோல்விகளைவிட வெற்றிகளை மிகுதியாகக் கண்டிருந்தது. இருவரும் சேர்ந்து நடத்திய முதற்பருவத்திலும் 12 வெற்றிகளும் 15 தோல்விகளுமே கிடைத்தன. பெயர் பெறாத அணிக்கு நல்ல ஆட்டக்காரர்கள் எளிதில் வரமாட்டார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் வராமல் அணி பெயர் பெறாது. இம்முடிச்சை அவிழ்ப்பதற்கு, வீடு வீடாகச் சென்று மாணவியரை அழைத்துவரும் துணைப் பயிற்றுநரின் உழைப்பு தேவைப்பட்டது. 1991இல் அந்த அணி தேசியப் போட்டியின் அரையிறுதிக்கு முன்னேறியது. 1995இல் ஆடிய 35 ஆட்டங்களிலும் வென்று, இறுதியில் டென்னசி அணியை வீழ்த்தி முதல் கோப்பையைப் பெற்றது. 2025 வரை அவ்வணி வென்ற தேசியக் கோப்பைகள் 12. மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தில் வேறு எந்த அணியும் இத்தனை கோப்பைகளை வென்றதில்லை.

அவ்வணியின் மேலாடைகளில் எண் இருக்கும். ஆடுபவரின் பெயர் இராது. இம்மரபைப் பற்றிப் படித்தபோது டெய்லியின் வாழ்க்கையே அதில் எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

அவருக்குத் தலைமையேற்கும் ஆற்றல் இல்லை என்று யாரும் கூற இயலாது. 2021ஆம் ஆண்டுத் தேசியப் போட்டி தொடங்கியபோது, கொரோனா தொற்றின் காரணமாக ஆரியம்மாவால் டெக்சாசுக்குச் செல்ல இயலவில்லை. முதல் இரு சுற்றுகளிலும் டெய்லியே அணியை வழிநடத்தினார், இரண்டிலும் வென்றார். ஆரியம்மா திரும்பி வந்ததும் தம் பழைய இருக்கையில் அமர்ந்தார். 2018இல் மகளிர் கூடைப்பந்துப் புகழரங்கில் டெய்லியின் பெயர் சேர்க்கப்பட்டது. 2024 நவம்பரில் ஆரியம்மா தம் 1217ஆவது வெற்றியைப் பெற்று, கல்லூரிக் கூடைப்பந்து வரலாற்றில் மிகுதியான வெற்றிகளைக் கண்ட பயிற்றுநர் ஆனார். அன்று நடந்த விழா அவருக்கு மட்டும் உரியதாக இல்லை. இருவரின் நாற்பதாம் பருவத்தைப் போற்றும் விழாவாக அதைப் பல்கலைக்கழகம் நடத்தியது.

மூன்று வேறு பாதைகள்

ஓர் இருக்கையிலேயே நிலைத்திருப்பதுதான் உயர்வு என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. 2018இல் டெய்லியுடன் அதே புகழரங்கில் சேர்க்கப்பட்டவர் மிக்கி டிமாஸ். டென்னசி பல்கலைக்கழகத்தில் பேட் சம்மிட் என்னும் புகழ்பெற்ற பயிற்றுநருக்கு 1985 முதல் 2003 வரை துணையாக இருந்தவர் அவர். பின்னர் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் நான்கு பருவங்கள் தலைமைப் பயிற்றுநராகப் பணியாற்றினார். அதன்பின் தலைமைப் பொறுப்பைத் தாமே விட்டு, மீண்டும் துணைப் பயிற்றுநர் ஆனார். 2010இல் சம்மிட்டின் அருகிலேயே திரும்பி வந்து அமர்ந்தார்.

அந்த வருகைக்குப் பின்னாளில் ஆழ்ந்த பொருள் ஏற்பட்டது. 2011 ஆகஸ்டில், தமக்கு நினைவாற்றலைச் சிதைக்கும் மறதிநோய் தொடங்கியிருப்பதாகச் சம்மிட் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 59. அதன்பின் ஒரு பருவம் மட்டுமே அவர் தலைமைப் பயிற்றுநராக நீடித்தார். அப்பருவத்தில் அணியின் அன்றாடப் பொறுப்புகளைத் துணைப் பயிற்றுநர்களே பெருமளவில் சுமந்தனர். அவர்களுள் மூத்தவர் ஹாலி வார்லிக். அவர் சம்மிட்டின் மாணவியாக ஆடியவர். 1985 முதல் அவருக்குத் துணையாக இருந்தவர். 2012இல் தலைமைப் பொறுப்பு வார்லிக்கிடம் வந்தது. 2019 வரை அதில் இருந்தார். இரண்டாம் இருக்கை ஏன் இருக்கிறது என்பதை அந்த ஒரு பருவம் எனக்கு உணர்த்தியது. அறிவு ஒருவரிடம் மட்டும் தங்கியிருந்தால், அவர் தளரும்போது அனைத்தும் தளரும். அருகில் அமர்ந்து அதைப் பகிர்ந்துகொண்டவர் இருந்தால், அது கைமாறி வாழும்.

லிசா பாயரின் பாதை இன்னும் வியப்புக்குரியது. அவர் கல்லூரி அணிக்கும் தொழில்முறை மகளிர் அணிக்கும் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர். 2001-02ஆம் ஆண்டுப் பருவத்தில் கிளீவ்லாந்து கேவலியர்ஸ் என்னும் ஆடவர் தொழில்முறை அணியின் பயிற்றுநர் குழுவிலும் பணியாற்றினார். அக்காலத்தில் எந்தப் பெண்ணும் பெறாத வாய்ப்பு அது. அதன்பின் அவர் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்றுநராகச் சேர்ந்தார். அங்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் டான் ஸ்டேலி. தொழில்முறை அணியில் பாயரிடம் பயிற்சி பெற்ற ஆட்டக்காரர். தம்மிடம் கற்றவருக்குத் துணையாக அமர ஆசிரியர் ஒருவர் முன்வந்தார் என்பது சிறிய செய்தி அன்று. 2008இல் இருவரும் தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். 2017, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி தேசியக் கோப்பையை வென்றது. 2022 இறுதிப்போட்டியில் தென் கரோலினா கனெக்டிகட்டை வென்றது. 2025 இறுதிப்போட்டியில் கனெக்டிகட் தென் கரோலினாவை வென்றது. இரு போட்டிகளிலும் ஒருபுறம் பாயரும் மறுபுறம் டெய்லியும் அமர்ந்திருந்தனர். ஒளிபரப்பின் ஒளி பெரும்பாலும் அவர்களுக்கு அடுத்திருந்தவர்கள் மீதே விழுந்தது.

ஒரு நியாயமான கேள்வி

இங்கே ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவது நேர்மை ஆகாது. இரண்டாம் இருக்கையைப் புகழ்வது, பெண்களை அங்கேயே இருத்திவைப்பதற்கு உதவிவிடாதா?

இக்கேள்விக்கு வலுவான அடிப்படை உண்டு. 1972இல் அமெரிக்கக் கல்லூரிகளின் மகளிர் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே தலைமைப் பயிற்றுநர்களாக இருந்தனர். 2014இல் அது 43 விழுக்காட்டளவுக்குக் குறைந்துவிட்டது. ஆடும் பெண்களின் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்த அதே காலத்தில்தான் இது நிகழ்ந்தது. ஊதியமும் மதிப்பும் இல்லாதவரை பெண்களின் பணியாக இருந்தது. அவை இரண்டும் வந்தபின் ஆண்களும் நாடும் பணியாயிற்று. வாசல் திறந்தபோது, அதுவரை உள்ளே விளக்கேற்றி வைத்திருந்தவர்களே பின்வரிசைக்குச் செல்ல நேர்ந்தது.

எனவே, நான் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்கிறேன். ஒன்று 'இருத்தப்படுதல்', மற்றொன்று 'இருத்தல்'. தகுதி இருந்தும் பெண் என்பதால் தலைமை மறுக்கப்பட்டால், அது அநீதி. எத்தனை புகழ்ச்சொற்களாலும் அதை மூட முடியாது. டிமாஸும் பாயரும் முதல் இருக்கையில் அமர்ந்து பார்த்து, அதன் சுமையையும் சுவையையும் அறிந்தபின் இரண்டாம் இருக்கையைத் தேர்ந்தவர்கள். வார்லிக் காலம் வந்தபோது எழுந்து நின்று பொறுப்பேற்றவர். டெய்லி தலைமையேற்ற ஆட்டங்களை வென்று காட்டிய பின்னரும் தம் இடத்திலேயே தொடர்ந்தவர். நால்வரின் பாதைகளும் நான்கு வகையானவை. எழுந்து செல்லும் வாசல் திறந்திருந்தது என்பதே அவர்களுக்குள் பொதுவானது. திறந்த வாசலுக்கு முன் அமர்ந்திருப்பதும் பூட்டிய கதவுக்குப் பின் அமர்ந்திருப்பதும் ஒன்றல்ல.

என் விடை

எனக்கும் அவ்வாசல் ஒருமுறை திறந்தது. பணியில் சேர்ந்த பன்னிரண்டாம் ஆண்டில் வேறொரு கல்லூரி, அணியின் முழுப் பொறுப்பையும் ஏற்குமாறு என்னை அழைத்தது. ஊதியம் கூடுதல்; சிமெண்டுத் தளமிட்ட புதிய ஆடுகளம்; பதிவேட்டில் மேல் வரி. எங்கள் உடற்கல்வி இயக்குநர் அம்மாவிடம் சொன்னேன். அவர், "போய்விட்டு வா என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை" என்றார். மூன்று இரவுகள் யோசித்தேன்.

அந்த மூன்று இரவுகளிலும் நான் எண்ணிப் பார்த்தது ஒன்றைத்தான். எந்த வேலையைச் செய்யும்போது நான் முழுமையாக இருக்கிறேன்? ஆட்டத்தின் கடைசி நொடியில் எந்த ஐவரை இறக்குவது என்று முடிவெடுப்பதில் எனக்கு அச்சம் இல்லை. பெரிய நாட்டமும் இல்லை. பந்தை விடும்போது மணிக்கட்டு வளையாத ஒரு பெண்ணுக்கு, நாற்பது நாள் அருகில் நின்று அதைப் பழக்குவதில் எனக்குக் களைப்பே தெரிவதில்லை. நாற்பத்தோராம் நாள் பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கும்போது அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு இணையான மேல் வரி எனக்குத் தெரியவில்லை. நான் செல்லவில்லை. அடுத்த ஆண்டு எங்கள் பழைய மாணவி ஒருத்தி அதே அழைப்பைப் பெற்றபோது, "உடனே போ" என்று அவளுக்கு நானே சொன்னேன். அவள் முடிவெடுக்கப் பிறந்தவள். ஆடும் காலத்திலேயே ஐவரையும் அவள்தான் நிறுத்துவாள்.

இப்போது பெரியம்மா கேட்டால் என்னிடம் விடை இருக்கிறது. "யாருக்கும் கீழே இல்லை பெரியம்மா, பக்கத்தில் இருக்கிறேன்" என்கிறேன். அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால், சென்ற பொங்கலுக்கு வந்தபோது தம் பேத்தியை முன்னே நிறுத்தி, "இவளுக்கும் அந்தப் பந்தைக் கொஞ்சம் சொல்லிக்கொடு" என்றார். பெண்ணுக்கு வயது பதினொன்று. கை நீளம், கண் கூர்மை. மணிக்கட்டு மட்டும் இன்னும் வளையவில்லை. நாளை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலோ ஊரிலோ பெயர் வெளியே தெரியாமல் ஒரு வெற்றிக்குத் துணைநின்ற ஒருவரைச் சந்தித்து, அவருடைய ஒருநாள் பணியைக் கட்டுரையாக எழுதுக.

2. 'இருத்தப்படுதல்', 'இருத்தல்' ஆகிய சொற்களுக்கிடையே கட்டுரையாளர் காட்டும் வேறுபாட்டை ஏற்கிறீர்களா? வகுப்பறையில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.

3. அழைப்பை ஏற்காமல் இருந்த கட்டுரையாளரின் முடிவு குறித்து உங்கள் கருத்தை அவருக்குக் கடிதமாக எழுதுக.